இறக்கைத் துணி

ஒருவனுடைய உத்தியோக வாழ்க்கையை ஆராய்வது என்றால் அவனைப் பற்றி மற்றவர்கள் பூர்த்தி செய்த படிவங்களைப் படிப்பது என்றுதான் அர்த்தம். இதில் சம்பந்தப்பட்டவனின் பங்கு மிகச் சொற்பம். அவன் விண்ணப்பம் போடுகிறான், கையெழுத்துப் போடுகிறான். அதற்குப் பிறகு அவனைச் சேர்த்துக்கொண்டவர்கள், இடம் மாற்றியவர்கள், பரிசோதித்தவர்கள், புதைத்தவர்கள் எல்லோரும் அவனைப் பற்றி எழுதிக்கொண்டே போகிறார்கள். எழுதுகிற குமாஸ்தாவுக்கு அவன் முகம் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் நூறு வருஷம் கழித்து மிஞ்சுவது குமாஸ்தாவின் கையெழுத்துத்தான். சரித்திரம் என்று நாம் மரியாதையாகச் சொல்லிக்கொள்வதில் பெரும்பகுதி இப்படி முகம் பார்க்காமல் எழுதப்பட்டது.

நான் சரித்திரக்காரன் இல்லை. சிந்தாதிரிப்பேட்டை அய்யா முதலித் தெருவிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் இருந்த அச்சகங்களில் 31 வருஷம் மெய்ப்புத் திருத்தியவன். ஈய எழுத்துக் காலத்தில் சேர்ந்தேன். டிரெடில் மெஷின்கள் பழைய இரும்பாக எடை போடப்பட்டதைப் பார்த்தேன். கம்ப்யூட்டர் அச்சில் வேலையை விட்டேன். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, பில் புத்தகம், ரசீதுப் புத்தகம், விண்ணப்பப் படிவங்கள் ஆகியவைதாம் நான் அதிகம் வாசித்த இலக்கியம். இதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. படிவத்தைத் தயாரிக்கிறவன், அதை நிரப்பப்போகிறவன் எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்ல இடமில்லை என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறான். பத்தி ஒதுக்கப்படாத விஷயம் நடக்காத விஷயமாகிவிடுகிறது. நவீன காலத்தின் மிகச் செல்வாக்கான இலக்கிய வடிவம் நாவல் அல்ல, படிவம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

என் தேடல் லெப்டினன்ட் இந்திர லால் ராயைப் பற்றியதாகத் தொடங்கவில்லை. அம்மாவின் அப்பாவைப் பற்றியதாகத் தொடங்கியது.

தாத்தாவினுடையது நெசவுக் குடும்பம். சிந்தாதிரிப்பேட்டையே நெசவாளர்களுக்காக உண்டாக்கப்பட்ட பேட்டை. 1734இல் கவர்னர் பிட் காலத்தில், கூவம் வளைந்து போகிற இடத்தில் சுங்குராமச் செட்டியின் தோட்டத்தை எடுத்து, நூற்பவர்களையும் நெய்பவர்களையும் கும்பினி குடியேற்றியது. சின்னத் தறிப் பேட்டை என்பதுதான் சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பார்கள். தாத்தா காலத்தில் வீட்டில் தறி இல்லை. ஊசியும் நூலும் மட்டும் மிஞ்சியிருந்தன. கூடாரத் துணி, பந்தல் துணி தைப்பார்.

இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் இந்திய விமானப் படையின் தொண்டர் பிரிவாகக் கடற்கரைப் பாதுகாப்புக்கு விமானக் குழுக்கள் அமைக்கப்பட்டன. அவற்றில் முதல் குழு சென்னைக்கு. பரங்கிமலையில் இருந்தது. வாபிடி என்கிற பழைய இரட்டைத் தட்டு விமானங்கள் அதற்குத் தரப்பட்டன. அவற்றின் இறக்கைமேல் உலோகத் தகடு கிடையாது, துணிதான். சட்டத்தின்மேல் துணியை இழுத்துத் தைத்து, டோப் என்று சொல்லும் ஒருவகை வார்னிஷைப் பூசுவார்கள். அது காயக் காயத் துணி சுருங்கிப் பறைத்தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும். கிழிந்தால் திரும்பத் தைத்துத் திரும்பப் பூச வேண்டும். தாத்தா ஒரு காண்டிராக்டர் மூலம் அந்த வேலைக்குத் தினக்கூலியாகப் போனார். வீடு திரும்பும்போது அவர் சட்டையில் வாழைப்பழ எஸன்ஸ் வாடை அடிக்கும் என்று பாட்டி சொன்னதை அம்மா எனக்குச் சொல்லியிருக்கிறாள். டோப்பில் அப்படி வாடை அடிக்கும் கரைப்பான் ஒன்று சேர்வதுண்டு என்பதைப் பல வருஷம் கழித்து ஒரு புத்தகத்தில் படித்தேன். எங்கள் குடும்பத்தில் வாய்வழியாக வந்த செய்திகளில் வெளியே ஊர்ஜிதமான ஒரே செய்தி அந்த வாடைதான்.

1942 ஏப்ரல் 5ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. அடுத்தது சென்னை என்று எல்லோரும் நம்பினார்கள். அரசாங்க அலுவலகங்கள் உள்நாட்டுக்கு நகர்ந்தன. பீப்பிள்ஸ் பார்க் மிருகக்காட்சி சாலையில் சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள், கூண்டு உடைந்து வெளியே வந்துவிட்டால் என்ன செய்வது என்று. தாத்தா பாட்டியையும் மூன்று வயது அம்மாவையும் ஆரணிக்கு ரயிலேற்றினார். காண்டிராக்டரிடம் கூலி பாக்கி வாங்கிக்கொண்டு நான்கு நாளில் வருவதாகச் சொன்னார். வரவில்லை. சென்னையில் அந்த மாதம் குண்டும் விழவில்லை. 1943 அக்டோபரில்தான் ஒரே ஒரு விமானம் வந்து ஒரே ஒரு தடவை குண்டு போட்டது. ஆகவே தாத்தா காணாமல் போனதற்கு ஒரு சம்பவம்கூடக் கிடையாது. சம்பவம் இருந்தால் பட்டியல் இருந்திருக்கும்.

ஓய்வுக்குப் பிறகு நான் எழுதிப்போட்ட கடிதங்களுக்கு ஒரு அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. படையில் பதிவு செய்துகொண்டவர்களின் விவரம் மட்டுமே தேட முடியும், எண் இருந்தால் குறிப்பிடவும் என்று. எண் இல்லை. தினக்கூலிக்கு எண் கிடையாது. அந்தப் பதிலில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. படிவத்துக்கு விசுவாசமான பதில் அது. ஆனால் இந்திய விமானப் படையின் தொடக்க காலம் பற்றி எதைத் தேடினாலும், எந்தப் புத்தகத்தைப் பிரித்தாலும், முதல் பக்கத்திலேயே ஒரு பையன் வந்து நின்றான். தாத்தாவுக்கு 24 வருஷம் முன்னால் செத்துப்போனவன், வயது 19.

இந்திர லால் ராய் 1898 டிசம்பர் 2ஆம் தேதி கல்கத்தாவில் பிறந்தார். தகப்பனார் பியாரி லால் ராய் பாரிஸ்டர். தாயார் லலிதா ராய் லண்டனில் குழந்தைகளை வளர்த்துக்கொண்டு, பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட இயக்கத்திலும் இருந்தார். 1911இல் அந்த இயக்கத்தின் பெரிய ஊர்வலத்தில் இந்தியப் பெண்களோடு நடந்தவர். பையன் லண்டன் செயின்ட் பால்ஸ் பள்ளியில் படித்தான். ராயல் ஃபிளையிங் கோரில் சேர விண்ணப்பித்தபோது கண் பார்வை போதாது என்று தள்ளினார்கள். தன் மோட்டார் சைக்கிளை விற்று, அந்தப் பணத்தில் பெரிய கண் டாக்டர் ஒருவரிடம் மறு பரிசோதனை செய்துகொண்டு, முதல் முடிவை மாற்ற வைத்தான் என்று சொல்லப்படுகிறது. 1917 ஜூலை 5ஆம் தேதி செகண்ட் லெப்டினன்ட். அக்டோபர் 30ஆம் தேதி 56ஆவது ஸ்குவாட்ரனில். டிசம்பர் 6ஆம் தேதி விபத்து. ஆறு மாதம் விமானத்தை விட்டு விலக்கம். 1918 ஜூனில் 40ஆவது ஸ்குவாட்ரனில் மறுபடி பறக்கிறார். ஜூலை 6ஆம் தேதி முதல் விமானத்தை வீழ்த்துகிறார். 8ஆம் தேதி நான்கு மணி நேரத்துக்குள் மூன்று. 13ஆம் தேதி இரண்டு. 15ஆம் தேதி இரண்டு. 18ஆம் தேதி ஒன்று. 19ஆம் தேதி ஒன்று. மொத்தம் பத்து, இரண்டு மற்றவர்களோடு பங்கு. 22ஆம் தேதி பிரான்சில் கார்வின் என்ற ஊருக்கு மேலே ஜெர்மானிய ஃபோக்கர் விமானங்களோடு சண்டையில் எரிந்து விழுந்து மரணம். செப்டம்பரில் டிஸ்டிங்விஷ்ட் ஃபிளையிங் கிராஸ். அதைப் பெற்ற முதல் இந்தியர். மொத்தம் பறந்த நேரம் 170 மணிக்குச் சற்று மேல்.

ஒரு பத்தியில் எழுதி முடித்துவிட்டேன். எனக்கு இது எழுத வந்த வேகமே உறுத்துகிறது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தேதி இருக்கிறது. ஒவ்வொரு தேதிக்கும் எங்கோ ஒரு காகிதம் இருக்கிறது. லண்டன் கியூவில் உள்ள ஆவணக் காப்பகம் அன்றைய விமானப் படை அதிகாரிகளின் சேவைத் தாள்களைப் படமெடுத்து வைத்திருக்கிறது. இங்கே கூவம் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவற்றைத் திரையில் படிக்கலாம். தாத்தாவைப் பற்றி எனக்கு ஒரு மாதம் தெரியும், ஒரு வாடை தெரியும். அந்நிய தேசத்துப் போரில் இறந்த ஒரு வங்காளிப் பையன் இன்ன தேதியில் எந்தக் குழுவில் இருந்தான் என்பது தெரியும். இந்த வித்தியாசத்துக்கு அன்பு காரணம் அல்ல. அதிகாரிக்குத் தாள் உண்டு. கூலிக்கு மஸ்டர் ரோல் மட்டும். மஸ்டர் ரோல் கூலி பட்டுவாடா ஆகிற வரைக்கும்தான் உயிரோடு இருக்கும்.

தாள் உள்ளவர்களும் எப்போதும் தப்பிப்பதில்லை. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் தரைப்படையில் இருந்த சாதாரணச் சிப்பாய்களின் சேவைத் தாள்களில் பாதிக்கும் மேல் 1940 செப்டம்பரில் லண்டனில் குண்டு விழுந்து எரிந்துபோயின. மிஞ்சியவற்றுக்கு 'எரிந்த ஆவணங்கள்' என்றே பெயர். ஒரு யுத்தத்தின் ஞாபகத்தை அடுத்த யுத்தத்தின் விமானம் எரித்தது. இதில் யாரும் படிமம் தேட வேண்டியதில்லை. இது வெறும் நிகழ்ச்சி.

அந்தக் காலத்து ஆகாயச் சண்டை அறிக்கை என்பதும் அச்சடித்த படிவம்தான். ஸ்குவாட்ரன், விமானத்தின் வகை, எண், ஆயுதம், விமானியின் பெயர், தேதி, நேரம், இடம், உயரம், பணி. இவற்றுக்கெல்லாம் தனித்தனி இடம். பிறகு கீழே வெற்றிடம், அதில் விவரணை. கடைசியில் முடிவு. முடிவுக்கு மூன்று தரம் உண்டு: அழிந்தது, கட்டுப்பாடிழந்து விழுந்தது, கீழிறங்க நிர்ப்பந்திக்கப்பட்டது. எதிரியின் விமானத்தைப் பற்றித்தான் பேச்சு. அதற்குள் மனிதன் இருந்தானா, அவன் என்ன ஆனான் என்பதற்கு இடமில்லை. மெய்ப்புக்காரன் என்ற முறையில் இந்தப் பாஷையை என்னால் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. அடைமொழி இல்லை, ஆச்சரியக்குறி இல்லை. நம் மேடைத் தமிழைக் கேட்டு வளர்ந்த காதுக்கு இந்த வறட்சி முதலில் ஆறுதலாக இருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்துப் பயமாக இருக்கிறது. அடைமொழி நிறைந்த வாக்கியத்தில் பொய் இருப்பது தெரிந்துவிடும். அடைமொழியே இல்லாத வாக்கியத்தில் பொய் இருக்க வேண்டியதே இல்லை. மனிதனை விட்டுவிட்டால் போதும்.

லெப்டினன்டைப் பற்றிய ஒரு செய்தி எந்தப் பத்தியிலும் அடங்காமல் வெளியே நிற்கிறது. 1917 டிசம்பர் விபத்துக்குப் பிறகு அவர் இறந்துவிட்டதாக நினைத்துப் பிரேதக் கிடங்கில் போட்டுவிட்டார்களாம். இரவில் நினைவு வந்து, பூட்டிய கதவைத் தட்டி, பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சில் கூவியிருக்கிறார். வெளியே இருந்தவன் பயத்தில் கதவைத் திறக்கத் தயங்கினானாம். சேவைத் தாளில் இதற்கு இடம் கிடையாது. 'இறந்து திரும்பியவர்' என்று ஒரு பத்தி எந்த அச்சகத்திலும் அடிக்கப்பட்டதில்லை. இது முழுக்க நடந்ததா என்று ஒருவர் கேட்கலாம். இந்தப் பையனைப் பற்றிப் படித்தவர்கள் தேதிகளை மறந்தபிறகும் இந்தக் கதவு தட்டலை மறப்பதில்லை. தன் தாளில் இருந்து அவர் தப்பித்து வெளியே வருகிற இடம் அது ஒன்றுதான் என்பதாலோ என்னவோ. ஆஸ்பத்திரியில் கிடந்த காலத்தில் அவர் விமானங்களைப் படம் வரைந்திருக்கிறார். அந்தச் சித்திரங்கள் சில இன்றும் இருக்கின்றன. படிவத்தை நிரப்பாமல் அவர் கையே கோடு இழுத்த காகிதங்கள் அவை.

இதையெல்லாம் அவ்வப்போது அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். எண்பதைத் தாண்டியவள். காது மந்தம். விமானம், விருது எதுவும் அவளை ஈர்க்கவில்லை. ஒரு நாள், "ஏம்பா, அந்தப் பையனோட அம்மாவுக்குத் தெரிவிச்சாங்களா?" என்று கேட்டாள்.

"ஆபீசர்ங்க வீட்டுக்கெல்லாம் தந்தி போயிடும்மா."

"தேதி போட்டு?"

"ஆமாம்மா."

"அப்ப அந்தம்மாவுக்கு அந்தக் கஷ்டம் இல்ல" என்றாள்.

எந்தக் கஷ்டம் என்று நான் கேட்கவில்லை. பாட்டி 1978இல் சாகும்வரை நெற்றியில் குங்குமம் வைத்திருந்தாள். ஒவ்வொரு மகாளய அமாவாசைக்கும் படையலும் போட்டாள். இறந்த திதி தெரியாதவர்களுக்கு அந்த அமாவாசை என்று வைத்திருக்கிறார்கள். கணவன் உயிரோடு இருக்கிறான் என்று குங்குமமும், செத்துவிட்டான் என்று படையலும் ஒரே பெண்ணிடத்தில் 36 வருஷம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்படி அவளிடம் யாரும் சொல்லவில்லை என்பது எங்கள் ஜனங்களின் பெருந்தன்மை.

அம்மாவின் கேள்விக்குப் பிறகு நான் மற்ற மூவரையும் கவனிக்கத் தொடங்கினேன். முதல் உலகப் போரில் அந்தப் படையில் விமானிகளாகப் பறந்தவர்கள் என்று நான்கு இந்தியர்களைச் சொல்வார்கள். நால்வருமே இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தவர்கள். அங்கே இருந்திராவிட்டால் அந்தக் கதவு அவர்களுக்குத் திறந்திருக்காது. தரைப்படையில் இந்தியர்களுக்கு மன்னரின் கமிஷன் கொடுப்பதென்று முடிவானதே 1917 ஆகஸ்டில்தான். ஹர்தித் சிங் மாலிக் ஆக்ஸ்போர்டில் படித்தவர். தலைப்பாகைக்கு மேலே போட்டுக்கொள்ளத் தனியாகக் கவசத் தொப்பி செய்துகொண்டவர். 1917 அக்டோபரில் அவருடைய விமானம் நானூறுக்கு மேற்பட்ட குண்டு ஓட்டைகளோடு விழுந்தது. காலில் பாய்ந்த குண்டோடேயே 1985 வரை வாழ்ந்தார். பிரான்சுக்கு இந்தியத் தூதராகவும் இருந்தார். பம்பாய் ஸ்ரீ கிருஷ்ண வெலிங்கர் 1918 ஜூன் 27ஆம் தேதி பறந்து போனவர் திரும்பவில்லை. ஜெர்மானியர் கையில் மூன்று நாள் கழித்து இறந்திருக்கிறார். கல்லறையில் பெயர் சிதைந்து எழுதப்பட்டிருந்ததால் அது அவர்தான் என்று கண்டுபிடிக்கவே யுத்தம் முடிந்து சில வருஷம் பிடித்தது. எரோல் சந்திர சென் 1917 செப்டம்பரில் திரும்பவில்லை. ஆனால் சிறைப்பட்டிருந்தார், பிழைத்து வந்தார். பிறகு இரண்டாம் யுத்தத்தில் பர்மா ஜப்பானியரிடம் விழுந்தபோது அங்கிருந்து காணாமல் போனார். இரண்டு தடவை காணாமல் போனவர். முதல் தடவை அதிகாரி என்பதால் அவருக்குத் தாள் இருந்தது. இரண்டாவது தடவை, கூட்டத்தோடு நடந்து வந்த எத்தனையோ பேரில் ஒருவர். தாத்தாவும் அவரும் ஒரே வருஷத்தில் ஒரே மாதிரி மறைந்தார்கள் என்று நினைத்துக்கொள்வேன். நான்கு பேரில் அவர்தான் எனக்கு உறவுக்காரர் போல் இருக்கிறார்.

லெப்டினன்டை என்ன செய்வது என்பது வேறு கேள்வி. 1998இல் இந்திய அரசாங்கம் அவருக்குத் தபால்தலை வெளியிட்டது. வீரர் என்கிற வார்த்தை சுலபமாகக் கைக்கு வருகிறது. ஏகாதிபத்தியத்துக்காக உயிர் விட்டவர் என்ற வார்த்தையும் அதே சுலபத்தோடு வருகிறது. இரண்டும் அச்சுக்குத் தயாராக இருக்கும் வார்த்தைகள். எங்கள் தொழிலில் 'கட்டி வைத்த மேட்டர்' என்போம். அவர் பத்து விமானங்களை வீழ்த்திய அதே 1918 ஜூலையில் காந்தி கேடா மாவட்டத்துக் கிராமங்களில் பிரிட்டிஷ் படைக்கு ஆள் சேர்க்க நடந்துகொண்டிருந்தார் என்பதை இரண்டாவது வார்த்தைக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள். பையனின் தாயார் அதே அரசாங்கத்தை எதிர்த்து வாக்குரிமை கேட்டவர்களோடு நடந்தவர் என்பதை முதல் வார்த்தைக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள். அவர் இறந்த பிறகு 14 வருஷம் வரை இந்திய விமானப் படை என்று ஒன்று கிடையாது. 1932 அக்டோபரில்தான் சட்டம் வந்தது. 1933 ஏப்ரல் முதல் தேதி கராச்சியில் நான்கு வாபிடிகளோடு முதல் ஸ்குவாட்ரன். விரல்விட்டு எண்ணக்கூடிய அதிகாரிகளும் 19 ஆட்களும். அந்த ஆட்களுக்கு 'ஹவாய் சிப்பாய்' என்று பெயர். ஹவா என்றால் காற்று. காற்றுச் சிப்பாய். விமானத்தைத் துடைத்து, தைத்து, தள்ளிக்கொண்டு போனவர்கள் அவர்கள். அதிகாரிகளின் பெயர்கள் எல்லாப் புத்தகத்திலும் இருக்கின்றன. இவர்கள் எண்ணிக்கையாக இருக்கிறார்கள். தாத்தா அந்த எண்ணிக்கையிலும் இல்லை. அவர் தைத்த துணிமேல் யாரோ பறந்தார்கள். விழாமல் திரும்பியும் வந்தார்கள். நன்றாகத் தைத்திருக்கிறார் என்பது அனுமானம்.

கருமாதிப் பத்திரிகைகளில் மரணத்துக்கு எத்தனை வார்த்தைகள் உண்டு என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். சிவலோக பதவி, வைகுண்ட பதவி, கர்த்தருக்குள் நித்திரை, வஃபாத், இயற்கை எய்தினார். வருகிறவர் நெற்றியைப் பார்த்தே கம்பாசிட்டர் சரியான எழுத்துக்குக் கையை நீட்டிவிடுவார். பெயரைக் கேட்க வேண்டியதில்லை. இத்தனை வார்த்தைகளில் ஒன்றுகூட உடல் கிடைக்காதவனுக்குப் பொருந்தாது. இராணுவ இங்கிலீஷில் அதற்குப் படிநிலைகள் உண்டு: காணவில்லை, காணவில்லை இறந்திருக்கலாம், காணவில்லை இறந்ததாகக் கொள்ளப்பட்டது. நாம் மரணத்தைச் சாதிவாரியாகப் பிரித்தோம். அவர்கள் நிச்சயத்தின் அளவைக் கொண்டு பிரித்தார்கள். எது நாகரிகம் என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. ஆனால் பாட்டிக்கு அவர்களுடைய வார்த்தை ஒன்று உதவியிருக்கும்.

நமக்கும் ஒரு காலத்தில் வேறு முறை இருந்தது. போரில் விழுந்தவனுக்குக் கல் நடுவதைத் தொல்காப்பியம் ஆறு கட்டமாகப் பிரிக்கிறது. முதல் கட்டம், பொருத்தமான கல்லைத் தேடிக் கண்டடைவது. கடைசி, வாழ்த்துவது. இடையில் அதைக் கொண்டுவர வேண்டும், நீராட்ட வேண்டும், நட வேண்டும், படையல் போட வேண்டும். ஆராய்ச்சி என்று நாம் இன்று சொல்லுவது முதல் கட்டம் மட்டுமே. கல்லைத் தேடுவதோடு நின்றுவிடுகிறோம். அல்லது, கல்லைத் தேடாமலேயே வாழ்த்தத் தொடங்கிவிடுகிறோம்.

பிரிட்டிஷ் யுத்தக் கல்லறை ஆணையம் 1918இல் ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது: அதிகாரி, சிப்பாய் என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லோருக்கும் ஒரே அளவுக் கல். குடும்பத்தார் விரும்பினால் அடியில் 66 எழுத்துகளுக்குள் ஒரு வாசகம். எழுத்துக்கு மூன்றரைப் பென்னி என்று கேட்டார்கள். ஒரு துக்கத்தை 66 எழுத்துக்குள் சுருக்கச் சொல்வது குரூரம் என்று படலாம். பத்திரிகை அச்சடிக்கிறவன் அப்படி நினைக்கமாட்டான். இடம் குறைவாக இருக்கும்போதுதான் ஜனங்கள் உண்மையான வார்த்தையைத் தேடுகிறார்கள். லெப்டினன்ட் ராயின் கல்லறை பிரான்சில் எஸ்டெவெல் என்ற சின்ன ஊரின் இடுகாட்டில் இருக்கிறது. அதில் வங்காளியிலும் பிரெஞ்சிலும் எழுதியிருக்கிறது. வங்காளி அந்த ஊர்க்காரர்களுக்குப் பழக்கமில்லாத லிபி. யார் படிப்பார்கள் என்று கணக்குப் பார்த்துச் செதுக்கியது அல்ல. பரங்கிமலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் நந்தம்பாக்கத்தில் 1952இல் அமைத்த யுத்தக் கல்லறையில் இரண்டாம் யுத்தத்தில் இறந்த 856 பேர் இருக்கிறார்கள். புல் வெட்டி, கல் துடைத்து, ஒழுங்காக இருக்கும். அங்கே ஒரு மத்தியானம் முழுக்க வரிசை வரிசையாக எல்லாக் கற்களையும் படித்தேன். தாத்தா பெயர் இருக்காது என்று தெரிந்துதான் படித்தேன். எழுத்துப் பிழை ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

போன வருஷம் குடும்பத்தில் ஒரு பழைய வீட்டைப் பாகம் பிரிக்கிற பேச்சு வந்தது. தாத்தா பெயரில் ஒரு துண்டு இருக்கிறது. வாரிசுக் காகிதத்துக்கு இறந்த தேதி வேண்டும் என்றார்கள். வக்கீல் ஒருவரைப் பார்த்தேன். ஏழு வருஷம் ஒருவரைப் பற்றித் தெரிய வேண்டியவர்களுக்குத் தகவலே இல்லையென்றால் அவர் உயிரோடு இருக்கிறார் என்பவர்தான் நிரூபிக்க வேண்டும் என்று 1872ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் சொன்னது; 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த புதிய சட்டமும் அதையே சொல்கிறது. ஆனால் இதிலிருந்து இறந்தார் என்று மட்டுமே கொள்ளலாம்; எப்போது இறந்தார் என்று கொள்ள முடியாது. தேதியை யார் சொல்கிறாரோ அவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். வக்கீல் இதை ஒரு தொழில்நுட்பச் சிக்கலாகச் சொன்னார். எனக்கு அதில் ஒரு நேர்மை இருப்பதாகப் பட்டது. தேதி தெரியாதபோது தேதி இல்லை என்று சொல்ல ஒரு சட்டத்துக்குத் துணிச்சல் இருக்கிறது.

உறவினர்களுக்கு அந்தத் துணிச்சல் இல்லை. 1942 ஏப்ரலில் ஏதோ ஒரு நாளைப் போட்டு எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்றார்கள். எண்பது வருஷத்துக்கு முந்திய விஷயம், யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்றார்கள். நியாயம்தான். அம்மாவிடம் காகிதத்தைக் கொண்டுபோனேன். அவள் கையெழுத்து இல்லாமல் எதுவும் நகராது. விஷயத்தை அவள் காதருகே இரண்டு தடவை சொன்னேன்.

"எந்தத் தேதி போடப்போறே?" என்றாள்.

"நீ சொல்லும்மா."

"எனக்கு எப்படித் தெரியும்? மூணு வயசு." காகிதத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் ஒன்றுமில்லை. "எங்க அம்மா போடாத தேதிய நான் போடமாட்டேன். பாகம் வேணாம்னு சொல்லிடு. அவங்களே எடுத்துக்கட்டும்."

"சரிம்மா."

"எழுதறே எழுதறேன்னு உட்கார்ந்திருக்கியே, அதுல போடு. தேதி வேணாம். ஏரோப்ளேன் ரெக்கை தைச்சாருன்னு போடு."

போட்டிருக்கிறேன்.